பாதத்துக்கும் ஓர் ஆசான் வேண்டும்



சென்ற மாதம் ஒரு தாயிடமிருந்து எனக்கொரு கடிதம் வந்தது. அவருடைய மகள் 9ஆம் ஆண்டில் படிக்கிறாள். பாடசாலையில் 1500 மீற்றர் ஓட்டத்துக்குத் தெரிவாகியிருக்கிறாள். நல்ல ஓட்டச் சப்பாத்து வாங்குவதென்றால் குடும்பத்தின் ஒரு மாதச் சாமான் செலவு அதற்கே போய்விடும். பக்கத்து வீட்டார், "வெறுங்காலோடு ஓடுவதுதான் நல்லதாம், பெரிய பெரிய ஆய்வெல்லாம் சொல்லுதாம்" என்கிறார்களாம். "நீங்களும் வெறுங்காலோடு ஓடுவதாகக் கேள்விப்பட்டேன். என் பிள்ளையை அப்படி விடலாமா? ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்று எழுதியிருந்தார்.

இதே கேள்வியை மூன்று வருடங்களுக்கு முன் கேட்டிருந்தால், "தாராளமாக விடுங்கள்" என்று ஒரே வரியில் பதில் எழுதியிருப்பேன். இன்று அப்படி எழுத என் கை துணியவில்லை. காரணத்தைச் சொல்லிவிட்டுத்தான் பதிலுக்கு வரவேண்டும். அந்தக் காரணத்தில் என்னுடைய தவறும் இருக்கிறது, என் ராத்தாவின் காலும் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

எனக்கு நாற்பத்து மூன்று வயதானபோது வைத்தியர் என் எடையையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்துவிட்டு, "மௌலவி, வகுப்பறைக் கதிரையும் வீட்டுக் கதிரையும் போதும். இனி நடக்கவோ ஓடவோ வேண்டும்" என்றார். அந்த நாட்களில்தான் எதியோப்பிய ஓட்டவீரர் அபேபே பிக்கிலாவின் வரலாறு என் கையில் கிடைத்தது.

1960ஆம் ஆண்டு செப்டெம்பர் 10ஆம் திகதி. ரோம் நகரில் ஒலிம்பிக் மரதன் ஓட்டம். தூரம் 42 கிலோமீற்றருக்கும் சற்று அதிகம். மாலையில் தொடங்கி இருட்டிய பின்னர் முடிந்த ஓட்டம் அது. பழைய ரோமர்கள் போட்ட அப்பியன் பாதையில் இராணுவ வீரர்கள் தீப்பந்தம் ஏந்தி வெளிச்சம் காட்டி நின்றார்கள். பிக்கிலா எதியோப்பிய மன்னரின் மெய்க்காவல் படையில் ஒரு வீரர். உலகம் அதுவரை பெயர் கேட்டிராத மனிதர். கொடுக்கப்பட்ட சப்பாத்து காலுக்குச் சரிவரவில்லை. வெறுங்காலோடு ஓடினார். 2 மணி 15 நிமிடம் 16 விநாடியில் ஓடி முடித்துத் தங்கம் வென்றார். அதுவரை மரதனில் யாரும் அவ்வளவு விரைவாக ஓடியதில்லை. அவருக்கு 25 விநாடிகள் பின்னால் வந்து வெள்ளி வென்றவர் மொறோக்கோ நாட்டின் ராதி பின் அப்துஸ்ஸலாம்.

இந்த வரலாற்றில் மனதைத் தொடும் இன்னொரு விடயம் உண்டு. எதியோப்பியாவை ஆக்கிரமித்திருந்த இத்தாலி, அக்ஸூம் நகரிலிருந்த பழம்பெரும் கல்தூண் ஒன்றைப் பெயர்த்து 1937இல் ரோமுக்குக் கொண்டுபோய் நட்டுவைத்திருந்தது. முடிவிடத்துக்குக் கொஞ்சம் முன்னால், அந்தத் தூண் நின்ற இடத்தருகேதான் பிக்கிலா வேகத்தைக் கூட்டி மற்றவரை விட்டுப் பிரிந்தார். அந்தத் தூண் எதியோப்பியாவுக்குத் திரும்பிப் போய்ச் சேர்ந்தது 2005இல்.

இதை வாசித்ததும் எனக்கு ஓர் உற்சாகம் பிறந்தது. மறுநாள் ஸுபஹுக்குப் பின் செருப்பைக் கழற்றி வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டு, ஊர்த் தார் வீதியில் ஒரு மைல் தூரம் ஓடினேன். ஓடும்போது ஒன்றும் தெரியவில்லை. சின்ன வயதில் ஓதப் போன நாட்கள் நினைவுக்கு வந்தன. அடுத்த நாள் காலையில் கட்டிலிலிருந்து காலை நிலத்தில் வைத்தபோதுதான் விடயம் விளங்கியது. கெண்டைக்கால் இரண்டும் கல்லாகக் கட்டிப் போயிருந்தன. படி இறங்க முடியவில்லை. பாடசாலையில் மாடி வகுப்புக்கு ஏறிய நான் இடைவேளைக்கும் இறங்கவில்லை. "வயசுக்குத் தக்கதாக ஏதும் செய்யக்கூடாதா?" என்று பிள்ளைகளின் உம்மா சுடுதண்ணீர் ஒற்றடம் கொடுத்துக்கொண்டே கேட்டார். பதில் என்னிடம் இருக்கவில்லை.

பிக்கிலாவின் வரலாற்றில் நான் கவனிக்காமல் தாண்டிப்போன பக்கம் ஒன்று இருந்தது. அவர் சிறுவயது முதல் வெறுங்காலில் நடந்து ஓடி வளர்ந்தவர். அவருடைய பாதம் இருபது ஆண்டுக்கு மேல் பழகிய பாதம். அத்தோடு அவருக்கு ஒன்னி நிஸ்கனென் என்ற சுவீடன் நாட்டுப் பயிற்றுநர் இருந்தார். அவர் வகுத்துக் கொடுத்த பயிற்சியில் உருவானவர்தான் பிக்கிலா. இன்னொன்றும் உண்டு. அதே பிக்கிலா 1964இல் டோக்கியோ ஒலிம்பிக்கில், குடல்வால் சத்திரசிகிச்சை நடந்து சில வாரங்களே ஆகியிருந்த நிலையில், மரதனில் மீண்டும் தங்கம் வென்றார். அன்றைய நேரம் 2 மணி 12 நிமிடம் 11 விநாடி. அப்போது அவர் காலில் சப்பாத்து இருந்தது! வெற்றி சப்பாத்தைக் கழற்றியதால் வந்ததென்றால், போட்டபோது அது போயிருக்க வேண்டுமல்லவா?

எங்கள் ஊரில் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். ஊரில் எல்லோருக்கும் அவர் 'சேர்'தான். நான் நொண்டி நடப்பதைக் கண்டு விசாரித்தார். நடந்ததைச் சொன்னேன். சிரிக்கவில்லை. "கால் சுகமானதும் மைதானத்துக்கு வாங்க மௌலவி, ஒருக்காப் பார்ப்பம்" என்றார். அங்கேதான் என்னுடைய இரண்டாவது மாணவப் பருவம் தொடங்கியது.

முதல் நாள் அவர் என்னை ஓடச் சொல்லிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். நான் ஓடி முடித்து வந்ததும், "நீங்க ஓடல்ல மௌலவி, நிலத்துக்கு அடிக்கிறீங்க. எனக்குச் சத்தம் கேட்குது" என்றார். நானோ பூனை போல மெதுவாகக் கால் வைப்பதாக எண்ணிக்கொண்டிருந்தேன்! பிறகு என் உள்ளங்காலை நனைத்து, சீமெந்துத் தரையில் ஓடச் சொன்னார். ஈரத் தடத்தைக் குனிந்து பார்த்து, "குதிகால்தான் முதல்ல விழுது. அதுவும் உடம்புக்கு முன்னால, தூரத்தில விழுது" என்று காட்டினார். ஓதிக்கொடுக்கும் எனக்கு இது புதிய விடயமல்ல. 'ஐன்' என்ற எழுத்தைத் தான் சரியாக உச்சரிப்பதாகத்தான் ஒவ்வொரு பிள்ளையும் நினைக்கும். பிழையைக் கேட்பது ஆசானின் காது. வாய்க்கு உள்ள இந்த நிலைதான் பாதத்துக்கும் உண்டென்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

இனி, சேர் சொல்லித் தந்ததையும் நான் வாசித்தறிந்ததையும் உங்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

மனிதனின் ஒரு பாதத்தில் 26 எலும்புகள் இருக்கின்றன. அவற்றைச் சேர்க்கும் மூட்டுகள் முப்பதுக்கு மேல். உள்ளங்காலின் வளைவு பாரம் விழும்போது சற்றுத் தாழ்ந்து, பாரம் எடுபட்டதும் மீண்டும் எழும். குதிகாலையும் கெண்டைக்காலையும் இணைக்கும் தடித்த நாணும் அப்படியே இழுபட்டுச் சுருங்கும். ஓடுவதற்காகவே அமைந்த வில் இது. நாம் எப்போதும் தடித்த அடியுள்ள சப்பாத்துக்குள் பாதத்தை வைத்திருந்தால் இந்தச் சின்னத் தசைகளுக்கு வேலை குறைகிறது. வேலை குறைந்தது பலம் குறையும்.

ஹார்வர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் டெனியல் லிபர்மனும் அவருடைய குழுவினரும் 2010ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கென்யாவிலும் அமெரிக்காவிலும், வெறுங்காலில் ஓடிப் பழகியவர்களையும் சப்பாத்தில் ஓடிப் பழகியவர்களையும் ஒப்பிட்டார்கள். சப்பாத்தில் பழகியவர்களில் பெரும்பாலானோர் குதிகாலை முதலில் ஊன்றினார்கள். அப்படி ஊன்றும்போது உடல் எடையைப் போல ஒன்றரை மடங்கு முதல் மூன்று மடங்கு வரையான விசை, கண்ணிமைக்கும் நேரத்தில் காலை வந்து மோதுகிறது. வெறுங்காலில் பழகியவர்களோ பெரும்பாலும் பாதத்தின் முன்பகுதியை அல்லது நடுப்பகுதியை முதலில் ஊன்றினார்கள். அவர்களிடம் அந்தத் திடீர் மோதல் மிகக் குறைவாக இருந்தது.

இதை நீங்களே வீட்டில் சோதித்துப் பார்க்கலாம். செருப்பில்லாமல் நின்ற இடத்திலேயே மெல்லத் துள்ளுங்கள். எதில் விழுகிறீர்கள்? விரல்களுக்குப் பின்னாலுள்ள சதைப்பிடிப்பான இடத்தில்தான். குதிகாலில் விழத் துள்ளுவோமென்றால் உடம்பே சம்மதிக்காது. அந்த இயல்பைத்தான் ஓட்டத்தில் திரும்பக் கொண்டுவர வேண்டும். இதுவே முதற்பாடம்.

இரண்டாவது, எட்டைச் சுருக்க வேண்டும். நீட்டி எட்டு வைத்தால் குதிகால் முன்னால் போய் விழும். கால் உடம்புக்கு நேர் கீழே விழவேண்டும், முழங்கால் சற்று மடிந்திருக்க வேண்டும். எட்டுச் சிறிதாகும்போது எண்ணிக்கை கூடும். தேர்ந்த ஓட்டக்காரர்கள் ஒரு நிமிடத்துக்கு 180 எட்டுகள் அளவில் வைக்கிறார்கள். என்னுடைய எண்ணிக்கை முதல் நாளில் 150ஐயும் எட்டவில்லை. சேர் கையைத் தட்டிக்கொண்டே வருவார், அந்தத் தாளத்துக்கு நான் கால் வைக்கவேண்டும். ஒரே நாளில் 180க்குப் போகும்படி அவர் சொல்லவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகவே கூட்டினார்.

மூன்றாவது பாடத்தில்தான் என் கெண்டைக்கால் வலியின் இரகசியம் இருந்தது. குதிகால் படக்கூடாதென்று எண்ணி நான் நுனிக்காலிலேயே ஓடியிருந்தேன். அது பெரும் பிழை. முன்பாதம் முதலில் மெல்லத் தொடவேண்டும், பிறகு குதிகாலும் இறங்கி நிலத்தை முத்தமிட்டு எழவேண்டும். குதிகால் இறங்காவிட்டால் முழுப் பாரத்தையும் கெண்டைக்கால் தசையே சுமக்கும்.

நான்காவது, நிலத்தை உதைத்துத் தள்ளக்கூடாது. தள்ளினால் தோல் உராய்ந்து கொப்புளம் வரும். காலைத் தூக்கி எடுக்கவேண்டும், சுடுமணலில் நிற்பவர் காலைத் தூக்குவது போல. "கொப்புளம் வந்தா அது தோலுட குற்றமில்ல, ஓட்டத்தில பிழை இருக்கு என்டு கால் சொல்லுது" என்பார் சேர். முதுகு நேராக, தோள் தளர்வாக, பார்வை சற்றுத் தூரத்தில் இருக்கவேண்டும்.

ஐந்தாவது, எந்த நிலத்தில் பழகுவது? கடற்கரை மணலே நல்லதென்று நான் நினைத்திருந்தேன். சேர் மறுத்துவிட்டார். பொதுமிய மணல் எல்லாப் பிழையையும் மறைத்துவிடும், கால் புதைவதால் கெண்டைக்காலுக்கும் இழுவை அதிகம். நீண்ட புல்லும் வேண்டாம், முள்ளும் போத்தல் துண்டும் கண்ணுக்குத் தெரியாது. கூட்டிச் சுத்தம் செய்த சமமான தரை, அதுவும் வெயில் ஏறுமுன். பத்துமணி வெயிலில் தார் வீதி பாதத்தைச் சுட்டுவிடும்.

ஆறாவது பாடம்தான் எல்லாவற்றிலும் கடினமானது. அது பொறுமை. முதல் வாரத்தில் கால் மைல், மிஞ்சினால் ஒரு மைல், அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் என்றும், அதற்குப் பின் வாரத்துக்கு 10 வீதத்துக்கு மேல் கூட்டக் கூடாது என்றும் லிபர்மனின் குழுவினரே ஆலோசனை சொல்லியிருக்கிறார்கள். சேர் என்னை அதைவிடக் கீழே வைத்திருந்தார். முதல் மாதம் முழுவதும் நான் ஓடியதைவிட ஒற்றைக்காலில் நின்றதும், குதிகாலை ஏற்றி இறக்கியதும், விரல்களால் நிலத்தில் கிடந்த துணியைச் சுருட்டியதுமே அதிகம். மைதானத்தில் விளையாட வந்த என் மாணவர்கள் பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

அவசரப்பட்டவர்களுக்கு என்ன நடக்கும் என்பதற்கும் ஆதாரம் உண்டு. 2013இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், 36 ஓட்டக்காரர்களை எடுத்து அவர்களில் ஒரு பகுதியினரை, வெறுங்காலைப் போன்ற மெல்லிய ஐவிரல் சப்பாத்துக்கு 10 வாரங்களில் மாற்றினார்கள். அப்படி மாறியவர்களில் பாதிப்பேர் அளவில் பாத எலும்புகளில் பாரம் தாங்காத வீக்கத்தின் அடையாளம் படத்தில் தெரிந்தது. எலும்பு பழுதடையும் முன் கொடுக்கும் எச்சரிக்கை அது. தசை சில வாரங்களில் பழகிவிடும், எலும்புக்கு மாதங்கள் வேண்டும். அந்த ஐவிரல் சப்பாத்தைத் தயாரித்த கம்பனி மீது, சொன்ன நன்மைகளுக்குப் போதிய ஆதாரம் இல்லையென்று 2012இல் வழக்குப் போடப்பட்டு, 2014இல் கம்பனி 37 இலட்சத்து 50 ஆயிரம் டொலர் கொடுக்கச் சம்மதித்து வழக்கை முடித்துக்கொண்டது. வெறுங்காலில் பழகிய எல்லோரும் முன்பாதத்தில் ஓடுவதும் இல்லை. வட கென்யாவில் வெறுங்காலில் வாழும் தாசனாச் மக்களிடம் 2013இல் வெளியான ஆய்வொன்று, மெதுவாக ஓடும்போது அவர்களில் பெரும்பாலானோர் குதிகாலைத்தான் முதலில் ஊன்றுகிறார்கள் என்று காட்டியது. ஆகவே, 'சப்பாத்தைக் கழற்றிவிட்டால் எல்லாம் தானாக வரும்' என்பது உண்மையல்ல.

சகோதரிகளே, இப்போது ராத்தாவின் கதைக்கு வருகிறேன்.

ஆறு மாதத்தில் என் ஓட்டம் சரிப்பட்டுவிட்டது. எடை குறைந்தது, மூச்சு வாங்குவது நின்றது. நான் சும்மா இருந்தேனா? கலியாண வீட்டிலும் பெருநாள் விருந்திலும் இதே பேச்சுத்தான். "செருப்புத்தான் நம்மைக் கெடுத்தது" என்று சொன்னவன் நானே. எந்த முறையில் பழகினேன், எத்தனை மாதம் பழகினேன் என்பதை விட்டுவிட்டு முடிவை மட்டும் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் என் மூத்த ராத்தாவும் ஒருவர். அவருக்குப் பன்னிரண்டு வருடமாகச் சீனி வருத்தம். வைத்தியர் நடக்கச் சொல்லியிருந்தார். ஒருநாள் தொலைபேசியில், "தம்பி, நானும் செருப்பக் கழட்டிட்டன். காலையில வளவுக்க பத்துச் சுற்று நடக்கன்" என்று சந்தோஷமாகச் சொன்னார். நானும் "நல்லது ராத்தா" என்று சொல்லிவிட்டு வைத்தேன். அந்த 'நல்லது' என்ற சொல்லை நான் இன்றுவரை மறக்கவில்லை.

வளவில் கிடந்த ஒரு சிறு போத்தல் துண்டு அவருடைய இடது காலின் சின்ன விரலடியில் ஏறியிருக்கிறது. அவருக்குத் தெரியவில்லை. நீண்டகாலச் சீனி வருத்தத்தால் பாதத்து நரம்புகள் உணர்ச்சியை இழந்திருந்தன. வலி வராதபடியால் அவர் பார்க்கவுமில்லை. மூன்றாம் நாள் மகள் பாயில் கறையைக் கண்டு காலைத் திருப்பிப் பார்த்தபோது விரல் கறுத்திருந்தது. வைத்தியசாலையில் இரண்டு வாரம் இருந்தார். சின்ன விரலை எடுக்கவேண்டி வந்தது. இன்னும் நாலு நாள் பிந்தியிருந்தால் பாதம் போயிருக்கும் என்றார் வைத்தியர்.

நான் கட்டிலருகே நின்று வார்த்தை வராமல் நின்றேன். ராத்தாதான் பேசினார். "நீ என்ன செய்வாய் தம்பி, கால்ல உணர்ச்சி இல்ல என்டு எனக்கே தெரியாதே" என்றார். அவர் என்னை மன்னித்துவிட்டார். ஆனாலும், மக்களுக்கு எடுத்துச் சொல்வதைத் தொழிலாகக் கொண்ட ஒருவன், ஒரு விடயத்தின் பாதியை மட்டும் சொல்வது எவ்வளவு பாரதூரமானது என்பதை அந்தக் கட்டிலருகே கற்றுக்கொண்டேன். அந்த மீதிப் பாதியைச் சொல்லத்தான் இந்த மாதம் இவ்வளவு பக்கங்களை எடுத்திருக்கிறேன்.

சீனி வருத்தம் உள்ளவர்கள் வெறுங்காலோடு ஓடவும் வேண்டாம், முற்றத்தில் நடக்கவும் வேண்டாம். வீட்டுக்குள்ளும் செருப்பு நல்லது. தினமும் இரவில் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பாருங்கள். குனிய முடியாவிட்டால் ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்துப் பாருங்கள், அல்லது பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். உணர்ச்சி இருக்கிறதா என்று அறிய வீட்டிலேயே செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்று இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகரில் உருவாகிப் பல நாடுகளிலும் பயன்படுகிறது. அவர் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். நீங்கள் சுட்டுவிரல் நுனியால் அவருடைய இரு கால்களிலும் பெருவிரல், நடுவிரல், சின்னவிரல் ஆகியவற்றின் நுனியை ஒன்றிரண்டு விநாடி மெல்லத் தொடவேண்டும். அழுத்தவோ தடவவோ கூடாது. மொத்தம் ஆறு இடங்கள். இரண்டு இடத்திலோ அதற்கு மேலோ தொட்டது தெரியவில்லையென்றால், பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கிறது. தாமதியாமல் கிளினிக்கில் காட்டுங்கள். இன்றிரவே உங்கள் உம்மாவுக்கும் மாமிக்கும் இதைச் செய்து பாருங்கள். எங்கள் வீட்டில் இதை ஒரு வருடம் முன்னரே செய்திருந்தால் ராத்தாவின் விரல் இருந்திருக்கும்.

மற்றவர்களுக்கும் சில எச்சரிக்கைகள் உண்டு. மலசலம் கலந்த ஈரமண்ணில் கொக்கிப்புழுவின் குஞ்சுகள் இருக்கலாம். அவை பாதத்தோல் வழியாகவே உடலுக்குள் புகுந்து, குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சும். இரத்தச்சோகை உள்ள பெண்களும் கர்ப்பிணிகளும் இதில் மிகவும் கவனமாக இருக்கவேண்டும். நாய் பூனை அசுத்தம் செய்யும் மணலையும் தவிர்க்கவேண்டும். ஏற்புவலித் தடுப்பூசி போட்ட காலத்தைத் தெரிந்து வைத்திருங்கள். பாதத்தின் மேற்பகுதியில், ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரே இடத்தில் வலி வந்து, ஓய்வெடுத்தும் போகாவிட்டால் அது எலும்பில் விழுந்த மயிர்க்கோட்டு வெடிப்பாக இருக்கலாம். எண்ணெய் தேய்த்துக்கொண்டு ஓடாமல் வைத்தியரிடம் போங்கள்.

இனி, கடிதம் எழுதிய சகோதரிக்கு என் பதில்.

உங்கள் மகள் சிறுவயது முதல் முற்றத்திலும் ஒழுங்கையிலும் வெறுங்காலோடு ஓடி விளையாடி வளர்ந்தவளா? அப்படியானால் அவளுடைய பாதம் பாதி வழி வந்துவிட்டது. நம் நாட்டுக் கிராமப் பாடசாலைகளின் இல்ல விளையாட்டுப் போட்டிகளில் அப்படி ஓடி வென்ற எத்தனையோ பிள்ளைகளை நாம் கண்டிருக்கிறோம். கென்யாவின் தெக்லா லொரூப்பே சிறுமியாக இருந்தபோது தூரத்திலிருந்த பாடசாலைக்கு வெறுங்காலோடு ஓடிப்போய் வந்தவர். 1994இல் நியூயோர்க் மரதனில் வென்று, அதை வென்ற முதல் ஆபிரிக்கப் பெண் என்ற பெயரைப் பெற்றார். தென்னாபிரிக்காவின் சோலா பட் 17 வயதில், 1984இல், வெறுங்காலோடு 5000 மீற்றரை 15 நிமிடம் 1 விநாடி கணக்கில் ஓடி, அதுவரை எந்தப் பெண்ணும் ஓடாத வேகத்தைக் காட்டினார். ஆகவே சப்பாத்து இல்லையென்பதற்காக உங்கள் மகளை வீட்டில் நிறுத்திவிட வேண்டாம். கடன்பட்டு விலையுயர்ந்த சப்பாத்து வாங்கவும் வேண்டாம்.

ஆனால் அவள் இதுவரை சப்பாத்தோடு ஓடிப் பழகியவளென்றால், போட்டிக்கு ஆறு வாரம் இருக்கும்போது கழற்றச் சொல்லாதீர்கள். இருக்கிற பழைய சப்பாத்தோடு ஓடட்டும். போட்டி முடிந்தபின் ஆறுதலாகப் பழகலாம்.

எப்படியானாலும் அவளுடைய உடற்கல்வி ஆசிரியையைச் சந்தியுங்கள். மூன்று கேள்வி கேளுங்கள். என் பிள்ளையின் கால் எங்கே விழுகிறது என்று பார்த்திருக்கிறீர்களா? ஓடும் நிலத்தைப் பயிற்சிக்கு முன் கூட்டிப் பார்ப்பீர்களா? வலிக்கிறதென்று அவள் சொன்னால் அன்றைக்கு நிறுத்துவீர்களா? இந்த மூன்றுக்கும் 'ஆம்' என்று சொல்பவர் கிடைத்தால் பிள்ளையை நம்பி ஒப்படையுங்கள். மூன்றாவது கேள்விக்கு அவர் தயங்கினால் நீங்களும் தயங்குங்கள். நல்ல பயிற்றுநர் பிள்ளையை ஓடவைப்பதில் மட்டுமல்ல, நிறுத்தவேண்டிய நாளில் நிறுத்துவதிலும் தேர்ந்தவராக இருப்பார்.

வீட்டுக்கு வந்ததும் அவளுடைய பாதத்தை நீங்களே கழுவித் துடைத்துப் பாருங்கள். 'வலிக்குதா மகள்?' என்று கேளுங்கள். போட்டியில் பெயர் போய்விடுமென்று பிள்ளைகள் வலியை மறைப்பார்கள். உம்மாவின் கை பட்டால் உண்மையைச் சொல்லிவிடுவார்கள்.

நான் இப்போதும் வாரத்தில் மூன்று நாள் சேருடைய மைதானத்தில் ஓடுகிறேன். இரண்டு நாள் வெறுங்காலோடு, ஒருநாள் சப்பாத்தோடு. சேர் இன்னும் சில நாட்களில் கண்ணை மூடிக்கொண்டு நின்று கேட்பார். "இன்டைக்கு வலது கால் பேசுது மௌலவி" என்பார். சரிசெய்துகொள்வேன். ராத்தா அகலமான மெத்தைச் செருப்புப் போட்டு, கூட்டிய வளவில் தன் பத்துச் சுற்றை நடக்கிறார். அவருடைய நடை நிற்கவில்லை என்பதில் எனக்குப் பெரிய ஆறுதல்.

உங்கள் மகளின் போட்டி முடிந்ததும் ஒரு வரி எழுதுங்கள், சகோதரி. முதலாவதாக வந்தாளா என்பதைவிட, நொண்டாமல் வீடு வந்தாளா என்பதை அறியவே காத்திருக்கிறேன்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம்.